தனிநபர் ஆவணச் சேகரிப்பை அடுக்குவதும் புதிய பெட்டிகளுக்கு மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்த கடிதங்கள், நாட்குறிப்புகள், கையெழுத்துப் படிகள், புகைப்படங்கள் ஆகியவற்றை ஆவணக் காப்பகத்தில் வகைப்படுத்தி, நல்ல உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் மாற்றிவைப்பது என் அன்றாட வேலை. காகிதங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் குடும்பத்தாரும், உதவிக்கு வரும் தன்னார்வலர்களும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் தந்திருக்கிறேன்.

தனிநபர் சேகரிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? நூலகத்துக்குப் புத்தகம் கொடுப்பது போன்றதுதானே?

இரண்டும் வேறு. அச்சான புத்தகம் தொலைந்தால் அதன் வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்துவிடலாம். ஒருவர் கைப்பட எழுதிய நாட்குறிப்புக்கு வேறு பிரதி கிடையாது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. புத்தகத்தைத் தனியாக எடுத்துப் படித்தாலும் புரியும். ஆவணமோ பக்கத்தில் இருக்கும் ஆவணத்தோடு சேர்ந்துதான் பொருள் தரும். "தாங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன்" என்று ஒரே வரி எழுதிய அஞ்சலட்டையை எண்ணிப் பாருங்கள். என்ன சொன்னார், எதைச் செய்தார் என்பது அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் கடிதங்களில்தான் இருக்கிறது.

அவர் ஓரக்குறிப்பு எழுதிய புத்தகங்களும் சேகரிப்பில் சேரும். கணக்கு நோட்டு, அழைப்பிதழ், ஒலிநாடா, பழைய கணினியின் வட்டு ஆகியவையும் அப்படியே.

அப்பாவின் காகிதங்களை நாங்களே தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தால் உங்களுக்கு வேலை மிச்சம்தானே?

தயவுசெய்து அடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் அப்பா எந்தக் கடிதத்தை எந்தக் கட்டில் வைத்தார், எதற்குப் பக்கத்தில் எதைச் செருகினார் என்பதும் அவர் விட்டுச்சென்ற தகவல்தான். அவர் எப்படிச் சிந்தித்தார், எதை எதனோடு தொடர்புபடுத்தினார் என்பது அந்த வைப்பு முறையில் பதிந்திருக்கிறது. தேதிவாரியாகப் பட்டியலிடும் வேலையைக் கணினியில் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பிரித்த கட்டை மறுபடி அவர் வைத்தபடி வைக்க யாராலும் முடியாது.

ஒரு முறை, துணிக் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டின் நடுவே மருந்துக் கடை ரசீது ஒன்று இருந்தது. உதவிக்கு வந்தவர் அதை உருவி, "ரசீதுகள்" என்ற கோப்புறையில் போடப் போனார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு பதில் கடிதத்தின் முதல் வரைவு இருந்தது, பாதி வாக்கியம் அடிக்கப்பட்டு. அந்தக் கட்டில் எந்தக் கடிதத்திலும் தேதி இல்லை. தேதி இருந்தது அந்த ரசீதில் மட்டும்தான். அதைப் பிரித்திருந்தால் அத்தனை கடிதங்களும் காலமற்றுப் போயிருக்கும்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி வேறு. எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில் எது இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். பிறகு இருந்தபடியே கொண்டுவாருங்கள்.

ஒழுங்கே இல்லாமல் ஒரு மூட்டையாக வந்தால் எந்த ஒழுங்கைக் காப்பது?

முதலில், ஒழுங்கே இல்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். குப்பை போலத் தெரியும் குவியலில் மேலே இருப்பது பிந்தியது, அடியில் இருப்பது முந்தியது என்ற அடுக்கு பல சமயம் இருக்கும். அதை மேலோட்டமாகப் புரட்டிக் குறித்துக்கொண்ட பின்னரே கலைக்க வேண்டும். உண்மையிலேயே ஒழுங்கு இல்லாதபோது நாங்கள் ஒன்றை உருவாக்குகிறோம்: கடிதப் போக்குவரத்து, நாட்குறிப்புகள், எழுத்துப் படிகள், பொதுப்பணி, குடும்பம், புகைப்படங்கள் என்பது போல. எந்தப் பிரிவு நாங்கள் உருவாக்கியது, எது அவர் வைத்திருந்தது என்று பட்டியலின் முன்னுரையில் எழுதிவிட வேண்டும். அதை மறைத்தால் எங்கள் சிந்தனையை அவருடைய சிந்தனை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்வார்.

இந்த நெறி நேற்று வந்ததல்ல. ஓர் இடத்திலிருந்து வந்த ஆவணங்களை வேறு இடத்து ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்று பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் 1841இல் சுற்றறிக்கை அனுப்பியது. உள்ளே இருந்த ஒழுங்கையும் காக்க வேண்டும் என்பதை 1881இல் பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் விதியாக்கியது. மியூலர், ஃபைத், ஃப்ரௌன் என்ற மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் 1898இல் வெளியிட்ட கையேடு இவற்றை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. பொருள்வாரியாக அடுக்கிப் பார்த்துத் தடுமாறிய அனுபவத்தின் பின்னரே இந்தத் தொழில் இந்த முடிவுக்கு வந்தது.

பெட்டிகள் வந்து இறங்கியதும் முதல் வேலை என்ன?

முகர்ந்து பார்ப்பது. மண்வாடை அடித்தால் ஈரமும் பூஞ்சணமும் இருக்கலாம். வினிகர் வாடை அடித்தால் பழைய படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறோம்: இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்கள், கரையான் மண், எச்சங்கள். இந்தச் சோதனை முடியும்வரை புதிதாக வந்த எதையும் ஆவண அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒரு பெட்டியில் வந்த பூச்சி ஐந்நூறு பெட்டிகளுக்குப் பரவ அதிக நாள் ஆகாது.

பூச்சி இருந்தால் பெட்டியைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு வாரம் உறைய வைப்பது வழக்கம். வெளியே எடுத்த பிறகு பையை உடனே பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பின்பே பிரிக்க வேண்டும், இல்லையென்றால் காகிதத்தின் மேல் ஈரம் படியும். கண்ணாடி நெகட்டிவ்களை இப்படி உறைய வைக்கவே கூடாது. பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியாக ஒதுக்கி, உலர வைத்து, முகக்கவசம் அணிந்து, நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்கிறோம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது திரும்பவும் வரும்.

பழைய கோப்புறைகள் உறுதியாகத்தானே இருக்கின்றன? ஏன் மாற்ற வேண்டும்?

உறுதி வேறு, பாதுகாப்பு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ் காகிதம் பெருகியது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். படிகாரம் நாளடைவில் அமிலத்தை உண்டாக்கிக் காகிதத்தின் நாரைத் துண்டு துண்டாக்குகிறது. மரக்கூழில் எஞ்சிய லிக்னின் பழுப்பேற்றுகிறது. மலிவான கோப்புறையின் அமிலம் உள்ளே இருக்கும் நல்ல காகிதத்துக்கும் இறங்கும். அதனால்தான் அமிலமற்ற, லிக்னின் நீக்கிய, அமிலத்தை முறிக்கும் கால்சியம் கார்பனேட் சேர்த்த தாளால் ஆன கோப்புறைக்கு மாற்றுகிறோம். நிலைத்து நிற்கும் காகிதத்துக்கான ஐஎஸ்ஓ 9706 என்ற தரநிலையைத் தாள் நிறைவு செய்கிறதா என்று வாங்கும்போது கேளுங்கள்.

பழைய கோப்புறையை எறிவதற்கு முன் அதன் மேல் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். அவர் கைப்பட "பதில் எழுத வேண்டியவை" என்று எழுதியிருந்தால் அதுவும் ஓர் ஆவணம். அந்தத் தலைப்பை அப்படியே புதிய கோப்புறையில் எழுதி, பழைய அட்டையைப் படம் எடுத்து அல்லது எழுத்துள்ள பகுதியை வெட்டி உள்ளே வைக்கிறோம்.

குண்டூசி, ஸ்டேபிள், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

ரப்பர் பேண்டைக் கட்டாயம் எடுக்க வேண்டும். அது உருகி ஒட்டிக்கொண்டு கறையாகும், பிறகு காய்ந்து நொறுங்கும். துருப்பிடித்த ஊசியையும் எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டேபிளை, ஆவண அறை உலர்ந்திருந்தால், விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. ஆயிரக்கணக்கான ஸ்டேபிள்களைப் பிடுங்கும் நேரத்தில் இன்னொரு சேகரிப்பையே காப்பாற்றிவிடலாம். பிடுங்கும்போது கிழியும் தாள்களும் குறைவல்ல.

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். அலுவலகங்களில் இருக்கும் பல் வைத்த ஸ்டேபிள் பிடுங்கியைத் தொடாதீர்கள். தாளைக் குப்புறப் போட்டு, மடங்கிய கால்களுக்கு அடியில் மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகுங்கள். அந்தத் துண்டின் மேல் மழுங்கிய தகட்டை வைத்து ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். தாளைத் திருப்பி, அதே துண்டை முதுகுப் பக்கம் செருகி, நேராக மேலே தூக்குங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல், தகட்டின் முனையால் ஓரம் ஓரமாக விடுவிக்க வேண்டும். செம்பழுப்புத் தூள் உதிரும், அதை மென்தூரிகையால் வெளிப்புறமாகத் தள்ளுங்கள். விரலால் துடைத்தால் கறை தாளில் ஏறிவிடும். பிறகு, ஒன்றாக இருந்த தாள்கள் ஒன்றாகவே இருக்க, அமிலமற்ற தாளை மடித்து அவற்றைச் சுற்றி வையுங்கள்.

வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டாமா?

காகிதத்துக்கு வேண்டாம். சுத்தமாகக் கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும். பருத்திக் கையுறையில் விரல் நுனியின் உணர்வு மங்கி, தாளின் ஓரம் கிழிகிறது. புகைப்படம், நெகட்டிவ், உலோகப் பொருள்களுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை போடுங்கள்.

ஒரு பெட்டியில் எவ்வளவு வைக்கலாம்?

கோப்புறைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒன்றை எடுக்கும்போது மற்றவை சேர்ந்து வரக் கூடாது. இதுதான் அளவு. இடம் மிஞ்சினால் கோப்புறைகள் சரிந்து தாள்கள் வளைந்துவிடும், அங்கே அமிலமற்ற அட்டையை மடித்துத் தாங்கு கொடுங்கள். ஒரு கோப்புறைக்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் திணிக்காதீர்கள். கோப்புறையின் அடியில் மடிப்புக் கோடுகள் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. உள்ளே இருக்கும் கனத்துக்கு ஏற்ற கோட்டில் மடித்துச் சதுரமாக்கினால்தான் தாள்கள் அடியில் சுருளாமல் நிற்கும். வரைபடம், சுவரொட்டி போன்ற பெரியவற்றை மடிக்காமல் தட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, அவை எடுக்கப்பட்ட இடத்தில் "பெரிய அளவுப் பெட்டிக்கு மாற்றப்பட்டது" என்ற சீட்டை வையுங்கள். சீட்டு இல்லையென்றால் இரண்டாவது பதிலில் சொன்ன தொடர்பு அறுந்துவிடும்.

கிழிந்த கடிதங்களை லேமினேட் செய்துவிட்டால் என்ன? செல்லோடேப் ஒட்டலாமா?

இரண்டையும் செய்யாதீர்கள். லேமினேஷன் சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிவிடும், அதை உரிக்க வழியில்லை. செல்லோடேப்பின் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகிக் கறையாக நிற்கும். கிழிந்ததைப் பாலியஸ்டர் உறையில் வைத்தால் இரு பக்கமும் படிக்கலாம், வேண்டும்போது வெளியே எடுக்கலாம். பென்சில், கரிக்கோல், பாஸ்டல் வரைவுகளுக்கு மட்டும் அந்த உறை ஆகாது. பாலியஸ்டரில் உருவாகும் நிலைமின்சாரம் துகள்களை இழுத்துவிடும்.

புகைப்படங்களை ஆல்பத்திலிருந்து எடுத்துத் தனித்தனி உறையில் போடட்டுமா?

ஆல்பம் என்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்து, வரிசைப்படுத்தி, அடியில் பெயர் எழுதிய ஒன்று. முடிந்தவரை அதை முழுதாகவே வைத்து, பக்கங்களுக்கு இடையே கால்சியம் கார்பனேட் சேர்க்காத மெல்லிய தாளை வையுங்கள். பசை தடவிய அட்டைமேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டும் வகை ஆல்பம் மட்டும் விதிவிலக்கு, அந்தப் பசை படங்களைத் தின்னும். அதிலிருந்து எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, வரிசை எண்ணைக் குறித்துவிடுங்கள். எளிதில் வராத படத்தை நெம்பாமல் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள்.

உறை வாங்கும்போது ஐஎஸ்ஓ 18916 என்ற புகைப்படச் சோதனையில் தேறியதா என்று பாருங்கள். பிவிசி உறை கூடாது. பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலின், பாலித்தீன் மூன்றும் தகும். நீலநிற வரைபடங்களும் (புளூபிரிண்ட்) நீலப் படங்களும் (சயனோடைப்) காரத்தன்மையில் வெளிறிப்போகும், அவற்றுக்குக் கால்சியம் கார்பனேட் சேர்க்காத தாள் தேவை. வினிகர் வாடை அடிக்கும் அசிட்டேட் நெகட்டிவ்களைப் பிரித்து, காற்றோட்டமாக, குளிரான இடத்தில் வைக்க வேண்டும். வெளிவரும் அமிலமே சிதைவை விரைவுபடுத்துவதால் மூடிய டப்பாவில் அடைப்பது நல்லதல்ல. 1950களின் தொடக்கம்வரை தயாரிக்கப்பட்ட நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். அது இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே மற்றவற்றிலிருந்து விலக்கி, நிபுணரை அழையுங்கள்.

நாளிதழ் நறுக்குகளையும் வைத்துக்கொள்வீர்களா?

அவர் வெட்டிவைத்ததால் வைத்துக்கொள்வோம். ஆனால் செய்தித்தாள் பக்கத்திலுள்ள தாளையும் பழுப்பாக்கும். கடிதத்தோடு இருக்கும் நறுக்கை அமிலமற்ற தாளில் நகலெடுத்து அதே இடத்தில் வைத்து, மூலத்தைத் தனி உறைக்கு மாற்றுகிறோம். வெப்பத்தாளில் வந்த பழைய தொலைநகலுக்கும் இதுவே முறை. அதில் எழுத்தே மறைந்துபோகும், ஆகவே நகலெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பட்டியலில் எழுத வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. கோப்புறை அளவில் தலைப்பு, காலம், எண் என எழுதினாலே ஆய்வாளர் வழி கண்டுபிடித்துவிடுவார். 2005இல் மார்க் கிரீன், டென்னிஸ் மெய்ஸ்னர் என்ற இரு அமெரிக்க ஆவணக் காப்பாளர்கள், ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பல சேகரிப்புகள் எவர் கண்ணிலும் படாமல் தேங்கிவிடுகின்றன என்று வலியுறுத்தினார்கள். நான் அவர்கள் பக்கம். திறக்கப்படாத பெட்டி எத்தனை அழகாக அடுக்கப்பட்டிருந்தாலும் படிக்க வருகிறவருக்குப் பயனில்லை. தாள்தாளாக எழுதுவதை, அரிய கையெழுத்துப் படிகளுக்கும் திருட்டுக்கு வாய்ப்புள்ளவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எழுதினாலும் ஆறு விவரங்கள் விடுபடக் கூடாது: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த மட்டத்து விவரணை (முழுச் சேகரிப்பா, கோப்புறையா, தாளா) என்பது. சர்வதேச விவரணைத் தரநிலையான ஐசாட்-ஜி இவற்றை இன்றியமையாதவை என்கிறது. கோப்புறையில் பென்சிலால் எழுதுங்கள். தாளிலேயே எண் இட வேண்டியிருந்தால் 2பி பென்சிலால், ஒரு மூலையில், அழுத்தாமல்.

எதையாவது எறியவே மாட்டீர்களா?

எறிவோம், கொடுத்தவரின் எழுத்து ஒப்புதலோடு. வெற்று உறைகள், ஒரே அச்சுப் பிரதியின் பத்துப் படிகள், காலி நோட்டுகள் போகலாம். அதிலும் கவனம் தேவை: அஞ்சல் முத்திரை உள்ள உறைதான் சில கடிதங்களுக்குத் தேதி தரும். "நகல்" என்று தோன்றுவதில் ஒரு சொல் திருத்தம் இருந்தாலும் அது தனி வரைவு. ஒப்படைப்புப் பத்திரத்திலேயே, வேண்டாதவற்றைத் திருப்பித் தருவதா அழிப்பதா என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

உள்ளே மற்றவர்களின் அந்தரங்கக் கடிதங்கள் இருக்கின்றன. கொடுக்கவே பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. உங்கள் அம்மாவுக்குக் கடிதம் எழுதியவர், அதை யாரும் படிப்பார்கள் என்று எண்ணி எழுதவில்லை. அதற்காகக் கிழித்தெறிய வேண்டாம். குறிப்பிட்ட ஆண்டுவரை மூடிவைக்கலாம். எந்தக் கோப்புறை, எந்தத் தேதிவரை, யார் அனுமதித்தால் திறக்கலாம் என்று ஒப்படைப்புப் பத்திரத்தில் தெளிவாக எழுதுகிறோம். "என்றென்றும் மூடியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனையை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை, ஏனென்றால் எவரும் ஒருபோதும் படிக்க முடியாத ஒன்றைக் காப்பதில் பொருளில்லை. மருத்துவக் குறிப்பு, வங்கிக் கணக்கு, உயிரோடு இருப்பவர்களின் அடையாள எண்கள் ஆகியவற்றை நீங்கள் சொல்லாமலே நாங்கள் ஒதுக்கிப் பார்ப்போம்.

கடிதங்கள் எங்களுடையவை. அப்படியானால் அவற்றைப் பதிப்பிக்கும் உரிமையையும் நாங்கள் தரலாம் அல்லவா?

இங்குதான் பலர் தவறுகிறார்கள். காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், அதில் எழுதிய சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். உங்கள் தந்தை எழுதியவற்றின் உரிமையை நீங்கள் தரலாம். அவருக்கு வந்த கடிதங்களின் உரிமை உங்களிடம் இல்லை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள்வரை அந்த உரிமை நீடிக்கும், பல நாடுகளில் அதைவிட அதிகம். ஆய்வாளர் காப்பகத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு இது தடையில்லை. வெளியிடும்போதுதான் அனுமதி கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் காகிதத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

ஸ்கேன், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் தருகிறது. நீர்க்குறி, மையின் அழுத்தம், ரசீதின் பின்பக்கம், எந்தத் தாள் எதனோடு குத்தப்பட்டிருந்தது என்பதற்கான ஊசித்துளை ஆகியவை விடுபட்டுப்போகும். மேலும் மின்கோப்பு தானாக உயிரோடு இருக்காது. மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பகம், ஒரு படி வேறு ஊரில் என்று வைத்து, ஒவ்வோர் ஆண்டும் திறந்து பார்க்க வேண்டும். நல்ல தாளில் உள்ள கடிதமோ உலர்ந்த பெட்டியில் சும்மா இருந்தாலே பல தலைமுறை தாங்கும்.

பழைய ஃப்ளாப்பி வட்டுகளும் மடிக்கணினியும் இருக்கின்றன. அவற்றையும் அடுக்குவீர்களா?

வட்டை வெறும் பொருளாகப் பெட்டியில் வைப்பது, பூட்டிய பெட்டியைச் சாவியில்லாமல் வைப்பது போன்றது. முதலில் எழுதத் தடை செய்யும் கருவி வழியாக வட்டின் முழுப் பிம்பத்தையும், அதாவது அதில் உள்ள அனைத்தின் அப்படியே ஆன நகலையும், எடுக்கிறோம். சாதாரணமாகத் திறந்தாலே கோப்புகளின் தேதிகள் மாறிவிடலாம். எடுத்ததும் ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பதிகிறோம். பின்னாளில் அதே எண் வந்தால் கோப்பில் ஒரு பிட்டும் மாறவில்லை என்று தெரியும். கோப்புகளின் அடைவு அமைப்புக்கும், அவர் வைத்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது என்ற மூல ஒழுங்கு விதி அப்படியே பொருந்தும்: "புதியது", "புதியது 2" என்று அவர் பெயர் வைத்திருந்தாலும் மாற்றுவதில்லை.

வீட்டில் இருக்கும்போது அந்த மடிக்கணினியை "ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம்" என்று இயக்காதீர்கள்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே பாதியைப் பிரித்து அடுக்கிவிட்டேன். இனி என்ன செய்வது?

இப்போதே நிறுத்துங்கள், அது போதும். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும். பிரித்தவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல வேண்டாம், ஊகத்தால் செய்த ஒழுங்கு உண்மையான ஒழுங்கு போல நடித்து ஆய்வாளரை ஏமாற்றும்.

அதற்குப் பதிலாக, நினைவு பசுமையாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள். எது எங்கே இருந்தது, எந்தக் கட்டில் எத்தனை கடிதம், கயிறு என்ன நிறம், எதை எறிந்தீர்கள், வீட்டில் வேறு யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று. காகிதங்களே சில சாட்சிகளை வைத்திருக்கும்: ஒரே உயரத்தில் துருக்கறை விழுந்த தாள்கள் ஒரே ஊசியில் இருந்தவை, ஒரே வடிவில் பூச்சி அரித்தவை அடுத்தடுத்து இருந்தவை. அவற்றை நாங்கள் படித்துக்கொள்வோம். எழுதிய தாளில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் போட்டு முதல் பெட்டியின் மேலே வையுங்கள். அதற்கும் ஒரு கோப்புறை எண் கொடுப்போம்.